சாட்சி சொல்ல மறுத்த கை

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் அலுவலக நேரமாகியும் ஓயவில்லை. வானம் கழுவாத பாத்திரம் போல மங்கிக் கிடந்தது. அன்றைய காலைச் செய்தியில்தான் அரசின் ஆணை வெளியாயிற்று. கடை, அலுவலகம், பள்ளி, பேருந்து, குடியிருப்பு என எந்த இடத்திலும், உள்ளே வருகின்றவரிடமோ அங்கே வேலை செய்கின்றவரிடமோ தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றைக் கேட்கக் கூடாது. சான்று இல்லை என்பதற்காக எவரையும் விலக்கவும் கூடாது. மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மட்டும் விதிவிலக்கு.

எங்கள் குடியிருப்பின் நுழைவாயிலில் நெடுநாளாக ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ‘சான்று காட்டிய பின்னரே உள்ளே வரவும்’ என்று குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தம் கையாலேயே எழுதி மாட்டியது. அவர் துறைமுகத்தில் சரக்குச் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் திறந்து பார்க்காமல் உள்ளே விடுவது அவருக்குப் பழக்கமில்லை. எனினும் சட்டத்தை மதிப்பவர். ஆணையைக் கேட்டதும் ஒரு கையில் குடையும் மறு கையில் சுத்தியலுமாக வந்து, நனைந்த பலகையைத் தாமே கழற்றினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

அந்த வேளையில் மாடிப்படியில் இறங்கி வந்தவரைப் பற்றியதுதான் இக்கட்டுரை. அரசு நலவாழ்வு நிலையத்தில் தடுப்பூசி போடும் செவிலியர் அவர். குடியிருப்பு முழுவதும் அவரை ‘ஊசி அக்கா’ என்றே அழைக்கும். வயதில் மூத்தவனாகிய நானும் அப்படித்தான் அழைக்கிறேன்.

“என்னம்மா, செய்தி கேட்டீங்களா?” என்றார் செயலாளர். “இனிமே உங்க பக்கம் ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க.”

“சான்றுக்காக வந்தவங்க வராம போகலாம் சார். ஊசிக்காக வர்றவங்க வருவாங்க. பார்த்துக் கழட்டுங்க, ஆணி துருப்பிடிச்சிருக்கு. கையில கீறிச்சுன்னா அதுக்கும் ஒரு ஊசி நான்தான் போடணும்.”

இவ்வாறு சொல்லிவிட்டு, செயலாளரின் இடது மேற்கையைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார். “நல்லாருக்கு” என்று தமக்குள் சொல்லிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அக்காவின் தந்தை மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளை வெளுத்தவர். காற்றில் உப்பி எழும் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே ஓடி விளையாடிய சிறுமி, அந்த விரிப்புகள் எங்கே போகின்றன என்று பார்க்க ஒரு நாள் அவற்றின் பின்னாலேயே உள்ளே போனார். பிறகு வெளியே வரவே இல்லை என்று அவர் கணவர் வேடிக்கையாகச் சொல்வார். செவிலியர் பயிற்சி முடித்துப் பெண்கள் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர், அதன்பின் தடுப்பூசி அறைக்கு மாற்றப்பட்டார். அரைச்சுவர் வரை பச்சை வண்ணம் பூசிய சிறிய அறை. மூலையில் மருந்து வைக்கும் குளிர்பெட்டி. அதன் வெப்பநிலையைக் காலையிலும் மாலையிலும் பார்க்காமல் அவர் கைப்பையைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. சாளரத்துக்கு வெளியே மிதிவண்டிகள் நிறுத்துமிடம். ஊசிக்கு அஞ்சித் தம் மிதிவண்டியில் ஏறி நழுவப் பார்த்தவர்களை அந்தச் சாளரத்தின் வழியாகவே அழைத்துத் திரும்பி வரச் செய்திருக்கிறார்.

ஊசி போடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. “கையைத் தொங்கப் போடுங்க, கொடியில காயப்போட்ட துணி மாதிரி” என்பார். உடனே ஒரு கேள்வி கேட்பார்; எளிதில் விடை சொல்ல இயலாத கேள்வியாக அது இருக்கும். “உங்க மாமியாருக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்? மூத்த மருமகளையா, சின்ன மருமகளையா?” எதிரில் இருப்பவர் விழிக்கும்போதே ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். “அவ்வளவுதான், எழுந்திருங்க. பதிலை வீட்டுக்குப் போய் யோசிங்க.”

ஆறடி உயரமுள்ள காவலர் ஒருவர் ஊசியைக் கண்ட மாத்திரத்தில் மயங்கிச் சரிந்தார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, “நான் விழுந்ததை யார்கிட்டயாவது சொல்வீங்களா?” என்பது. “நீங்க எங்க விழுந்தீங்க? நாற்காலிதான் உங்களைத் தள்ளிவிட்டுச்சு” என்றாராம் அக்கா. இதை எனக்குச் சொன்னவர் அக்கா அல்லர். அந்தக் காவலரே தம் வாயால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அக்காவின் வாயிலிருந்து பிறர் செய்தி ஒன்றும் வெளிவராது. பெண்கள் பிரிவில் அவர் பணியாற்றிய காலத்தில், அவருடைய நாத்தனாரே அங்கு ஒரு சிகிச்சைக்கு வந்துபோனார். மகளுக்கு என்ன என்று அறிய மாமியார் துடித்தார். “உங்க பொண்ணையே கேளுங்க அத்தை” என்பதற்குமேல் ஒரு சொல்லையும் மருமகளிடமிருந்து பெற முடியவில்லை. “இந்த வயசுல இவ்வளவு நெஞ்சழுத்தமா!” என்று வெகுண்ட மாமியார், அதன்பின் பல நாள் மருமகளுடன் நேரடியாகப் பேசவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “ஏ கடிகாரமே, சமையல் முடிஞ்சுதான்னு கேளு” என்பார். அக்காவும் சளைக்காமல், “ஏ கடிகாரமே, தட்டைக் கழுவிட்டு உக்காரச் சொல்லு” என்பாராம். இடையில் அகப்பட்டுக்கொண்ட அவர் கணவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். பேருந்துப் பணிமனையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர் அவர். வீட்டில் எந்த இயந்திரத்தையும் தொடமாட்டார்; ஆனால் கதை சொல்வதில் வல்லவர்.

இத்தகைய வாய்க்கட்டுப்பாடு உடைய அக்காவுக்கு, அவரே அறியாத பழக்கம் ஒன்று இருந்தது. தாம் ஊசி போட்டவரை மறுநாள் கண்டால், போட்ட இடத்தில் வீக்கமோ கட்டியோ உண்டா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். செவிலியரின் வேலைதான் அது. ஆனால் நாள் கடந்து, மாதம் கடந்து, வீக்கத்துக்கு வாய்ப்பே இல்லாத காலத்திலும் அந்தக் கை நிற்கவில்லை. படிக்கட்டில், மின்தூக்கியில், பேருந்து நிறுத்தத்தில், தாம் ஊசி போட்டவரைக் கண்டதும் கட்டைவிரல் தானாகப் போய்ப் பதியும். பேச்சு ஒரு பக்கம் நடக்கும். கை தன் வேலையைத் தனியே செய்யும்.

யாரையும் கேட்கக் கூடாது என்று அரசு சொன்னதும், எங்கள் கட்டடத்தார் பார்க்கத் தொடங்கினார்கள். அக்கா யார் கையை அமுக்குகிறார், யார் கையை அமுக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் எவர் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அமுக்கப்பட்ட கைகள் நல்ல கைகளாயின. அமுக்கப்படாத கைகளைக் கண்டு மக்கள் ஓரடி விலகினர்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருப் பக்கம் திறக்கும் கடைகள் இரண்டு சங்கத்துக்குச் சொந்தமாக உண்டு. ஒன்று கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. மற்றொன்று முடிதிருத்தகம். அதை நடத்துபவர் முப்பது வயதைத் தாண்டிய ஓர் இளைஞர். சுழல் நாற்காலி இரண்டு, சுவரை நிறைக்கும் கண்ணாடி, எப்போதும் தாழ்ந்த குரலில் பாடும் வானொலி. கடைக்குப் பின்னே உள்ள அறையில்தான் அவரும் மனைவியும் பெண் குழந்தைகள் இருவரும் குடியிருந்தார்கள். காலையில் பேருந்துக்குச் செல்லும் அக்கா, கடிகாரக் கடைக்காரரின் கையை அமுக்குவார், அடுத்த வாயிலில், “என்ன தம்பி, கடை திறந்தாச்சா?” என்று கேட்டுவிட்டு நடப்பார். தம்பியின் கை அமுக்கப்படவில்லை. கட்டடம் அதைப் பார்த்தது.

எனக்கு அந்தக் கடையில் தலைவேலை ஏதும் இல்லை. என் தலைமுடி எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. நாளிதழ் படிப்பதற்காகப் போய் உட்காருவேன். நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வருவதைக் கண்டேன். காரணம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் கடிகாரக் கடைக்காரர், கண்ணில் பொருத்திய உருப்பெருக்கியைக் கழற்றாமலே தலையை நீட்டினார்.

“என்ன தம்பி, உன் கடையில கண்ணாடிதான் தன் முகத்தைத் தானே பார்த்துக்குது போல?”

“அதுக்கும் ஓய்வு வேணாமாண்ணே? இத்தனை வருஷமா எத்தனை மூஞ்சியைப் பார்த்திருக்கு!”

சிரித்தார், ஆனால் துடைத்த சீப்பையே மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தது. முடிதிருத்தகத்தின் குத்தகைக் காலம் முடிகிறது. ஆள் வராத கடையைப் புதுப்பிக்க வேண்டியதில்லை, மருந்துக் கடைக்காரர் ஒருவர் அந்த இடத்தைக் கேட்கிறார் என்று செயலாளர் அறிவிப்பு ஒட்டியிருந்தார். கடை போனால் பின்னால் உள்ள அறையும் போகும்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மாலைப்பொழுது, என் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்காவின் குரல் மாடி முழுவதும் கேட்டது.

“சார்! கொஞ்சம் வந்து நீங்களே நியாயம் சொல்லுங்க. இது தலையா, எலி கரண்டின பாயா?”

கூடத்தின் நடுவில் அவர் கணவர் குற்றவாளியைப் போல நின்றார். ஒரு காதுக்கு மேலே முடி இருந்தது. மறு காதுக்கு மேலே முடி இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது.

“காத்தோட்டமா இருக்கட்டுமேன்னுதான்…” என்று இழுத்தார் அவர்.

“மூணு தெரு தாண்டிப் போய் இதை வாங்கிட்டு வந்திருக்காரு சார்! கீழேயே கடை இருக்கறப்ப அங்க போக என்ன கேடு?”

“எல்லாரும் போறதில்ல. நானும் போகல.”

“ஏன் போறதில்ல?”

“அந்தத் தம்பி ஊசி போட்டுக்கலையாமே.”

“யாரு சொன்னா?”

கணவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு, “நீதான்” என்றார்.

“நானா? நான் எப்பச் சொன்னேன்?”

“வாயால சொல்லல. கையால சொன்னே. போட்டவங்க கையை எல்லாம் அமுக்குற. அந்தத் தம்பி கையைத் தொடறதே இல்லையே! கட்டடம் முழுக்கத் தெரியுமே, உனக்குத் தெரியாதா?”

அக்கா தம் வலக்கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வேறு எவருடைய கையையோ தம் மணிக்கட்டில் மாட்டிவிட்டதைப் போல இருந்தது அந்தப் பார்வை. ஊசியைக் கண்டு மயங்கியவர்களைத் தேற்றி எழுப்பியவர் அன்று நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“அவங்க என்னை நம்பிக் கையைக் குடுத்தாங்க சார்” என்றார் கடைசியில். “நான் அதை வழியெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

“இதுக்குப் போய் என்ன பெரிய யோசனை?” என்றார் கணவர். “நாளைக்குக் காலையில போறப்ப அந்தத் தம்பி கையையும் ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போ. ஞாயித்துக்கிழமைக்குள்ள கடை நிரம்பிடும்.”

“அவர் போட்டிருந்தா, நான் வெளிய சொன்னதா ஆகும். போடலைன்னா, பொய் சொன்னதா ஆகும்.”

“சரி, எங்கிட்ட மட்டும் சொல்லு. போட்டிருக்காரா, இல்லையா?”

“கடிகாரத்தைக் கேளுங்க” என்று எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் காலையில் அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே இறங்கினார். நாளிதழுக்காக நானும் அங்கே இருந்தேன். முடிதிருத்தகத்தின் வாயிலில் நின்று, முன்னுரை ஏதும் இல்லாமல், “உங்க கடை காலியானது என்னாலதான் தம்பி” என்று தொடங்கி நடந்ததைச் சொன்னார்.

இளைஞர் கத்தியை மடித்து வைத்தார். “எனக்குத் தெரியும்க்கா. நீங்க வேணும்னு செய்யலைன்னும் தெரியும். கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். பார்த்துட்டு ஒதுங்கிப் போறவங்ககிட்ட என்னன்னு சண்டை போடறது?”

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி வெளியே வந்தார். இடுப்பில் சின்னவள்.

“அக்கா, ஒரே ஒரு தடவை. எல்லாரும் வேலைக்குப் போற நேரமாப் பார்த்து, இவரு கையைத் தொட்டுட்டுப் போங்க. போதும். வேற எதுவும் கேக்கல.”

“தொடலாம்மா. உங்க கடை பிழைச்சுக்கும். அப்புறம் நான் தொடாம போறவங்க எல்லாம் என்ன ஆவாங்க? துணி தேய்க்கிறவரு, மின்தூக்கி பார்க்க வர்றவரு… ஒவ்வொருத்தரா இதே மாதிரி ஒதுக்குவாங்க. என் கையைப் பார்த்து ஆளை எடை போடற பழக்கம் நிக்கவே நிக்காது.”

“உங்களுக்குக் கொள்கை அக்கா. எங்களுக்குக் குடியிருக்க இடம்.”

குழந்தையின் கன்னத்தைத் தொடப்போன அக்கா, பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

“விடு” என்றார் இளைஞர் மனைவியிடம். “அக்கா சொல்றது சரிதான். நான் போட்டேனா இல்லையாங்கறது என் விஷயம். அதை வித்துக் கடையைக் காப்பாத்திக்க எனக்கும் இஷ்டமில்ல.”

“இது என் கை போட்ட முடிச்சு” என்றார் அக்கா. “என் கையாலதான் அவிழ்க்கணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா.”

அன்று முதல் அந்தக் கை எவரையும் தொடவில்லை. எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது. கண்ணால் கண்டவனுக்குத்தான் அதன் பாடு தெரியும். ஆளைக் கண்டதும் வலக்கை எழும். பாதி தூரம் போகும். அக்கா அதைப் பிடித்து இறக்குவார். பல்லாண்டுக் காலம் பயிற்றிய கையை ஒரே காலையில் பயிற்சி மறக்கச் செய்வது சிறு வேலை அன்று.

“என்மேல ஏதாச்சும் கோபமாக்கா?” என்றார் கடிகாரக் கடைக்காரர். “நேத்து வரைக்கும் கையைப் பார்ப்பீங்க. இன்னைக்கு மூஞ்சியை மட்டும் பார்க்கறீங்க.”

“உங்க மூஞ்சியும் நல்லாத்தானே இருக்கு!”

அடுத்த நாள் படிக்கட்டில் செயலாளர் எதிர்ப்பட்டார். வழக்கப்படி இடது தோளைச் சற்றே முன்னால் நீட்டி, நடத்துநரிடம் மீதிச் சில்லறைக்குக் காத்திருப்பவர்போல நின்றார். “சௌக்கியமா சார்?” என்று கேட்டுவிட்டு அக்கா கடந்து போனார். நீட்டிய தோள் நீட்டியபடியே நின்றது. அவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த இருவர் அதைக் கண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா எல்லாரிடமும் நிறுத்திவிட்டார் என்பதை எவரும் உடனே அறிய முடியாது. அவரவர்க்குத் தெரிந்தது அவரவர் கண்முன் நடந்தது மட்டுமே. ஆகவே, செயலாளர் கடைசி ஊசியைப் போட்டுக்கொள்ளவில்லையாம், முன்னது போட்டதும் உண்மைதானா என்று ஐயமாம் என்றெல்லாம் பேச்சு மாடிக்கு மாடி ஏறியது. அவருடன் மாலைதோறும் கேரம் ஆடும் மூவரில் ஒருவருக்குத் தலைவலி வந்தது. ஒருவருக்கு உறவினர் வந்தனர். மூன்றாமவர் காரணம் சொல்லவும் வரவில்லை. வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில் பலகையைத் துடைத்து, மாவு தூவி, காய்களை அடுக்கிவைத்து, அவர் தனியே உட்கார்ந்திருந்ததை என் பலகணியிலிருந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நெகிழி நாற்காலிகள் போதவில்லை, பின்வரிசையினர் நின்றார்கள். முடிதிருத்தும் இளைஞரும் மனைவியும் கதவோரம் நின்றார்கள். அக்கா முன்வரிசையில், கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், தலையில் தொப்பியுடன்.

செயலாளர் குத்தகைப் பொருளை எடுத்தார். “நாம யாரும் அவர்கிட்ட எதையும் கேக்கல. சட்டப்படிதான் நடந்துக்கிட்டோம். ஆள் வரல. ஆள் வராததுக்கு சங்கம் என்ன செய்ய முடியும்?”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “சார், உங்களுக்கும்தான் கேரம் ஆட ஆள் வரலையாம்!”

கூடம் சிரித்தது. செயலாளரின் காது மடல் சிவந்தது.

“யாரது? நான் எல்லா ஊசியும் தவறாம போட்டவன்! இதோ உக்காந்திருக்காங்களே, இவங்க கையாலயே போட்டுக்கிட்டவன்! சொல்லுங்கம்மா நீங்களே!”

அக்கா எழுந்தார். “சொல்ல மாட்டேன் சார்.”

சிரிப்பு அப்படியே நின்றது.

“என்னம்மா இது? நான்தானே சொல்லச் சொல்றேன்!”

“உங்க கை, உங்க வாய். நீங்க தாராளமா சொல்லிக்கலாம். நான் யாருக்கும் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.”

“அப்படின்னா இதோ, சான்றே என்கிட்ட இருக்கு!” என்று சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார் செயலாளர்.

“உள்ள வைங்க சார்” என்றார் கடிகாரக் கடைக்காரர். “நாங்க அதைப் பார்த்துட்டோம்னா, சட்டத்தை மீறிட்டோம்னு எங்கமேலயே புகார் குடுத்துடுவீங்க.”

மீண்டும் சிரிப்பு எழுந்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் மேடைப்பேச்சு அறியாதவர். பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோலவே பேசினார்.

“நான் ஊசியை நம்பறவ. என் பிள்ளைங்களுக்கு என் கையாலயே போட்டேன். எங்க நிலையத்துல நானே சான்று காட்டித்தான் உள்ள போறேன். நோயாளிங்க இருக்கற இடம், காட்டணும். அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா எங்கிட்ட வந்து கையை நீட்டினவங்க, எனக்காக நீட்டினாங்க, உங்களுக்காக இல்ல. என் கை அதைத் தெருவுல சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கே தெரியல. தெரிஞ்ச அன்னைக்கு நிறுத்திட்டேன். நான் ஒருத்தர் கையைத் தொடலைன்னா அதுக்கு நூறு காரணம் இருக்கும். அவர் வேற இடத்துல போட்டிருக்கலாம். போடாம இருக்கலாம். போட்டும் நான் மறந்திருக்கலாம். அவர் கையில சவரக்கத்தி இருக்கலாம். கத்தி பிடிச்ச கையைப் போய் அமுக்கினா, கீழ இருக்கற கழுத்து யாருதுன்னு யோசிச்சீங்களா? நீங்க யாரும் யோசிக்கல. ஒரு குடும்பத்தையே தெருவுக்கு அனுப்பப் பார்த்தீங்க. இந்த ரெண்டு மூணு நாளா செயலாளர் சாரைப் பத்திப் பேசினீங்களே, அவரைக்கூட விட்டு வைக்கல. இனிமே என் கையைப் பார்க்காதீங்க. அதுல ஒண்ணும் எழுதல.”

உட்கார்ந்துவிட்டார். கைகளை மீண்டும் மடியில் கோத்துக்கொண்டார்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிடிவாதக்காரர்தான், ஆனால் கோணல் புத்தி உடையவர் அல்லர். “கேரம் பலகைக்கு முன்னால தனியா உக்காந்திருந்தேன்” என்றார், எவரையும் பார்க்காமல். “வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பேன். யாரும் கேக்கல. தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போனாங்க.” கதவோரம் நின்ற இளைஞரை நோக்கித் திரும்பினார். “உங்களுக்கு எத்தனை வாரம் தம்பி இப்படி?”

இளைஞரின் மனைவி சொன்னார்: “வாசல் பலகையைக் கழட்டினதுலேருந்து சார்.”

குத்தகையைப் புதுப்பிக்க விரும்புவோர் கை தூக்குமாறு செயலாளர் கேட்டார். முதற்கை அவருடையதாகவே இருந்தது. எல்லாரும் தூக்கினார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இருவர் தூக்கவில்லை. மருந்துக் கடை வந்தால் மாத்திரை வாங்க மழையில் நடக்க வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. அவர்களையும் எவரும் குறை சொல்லவில்லை.

கூட்டம் கலையும்போது அக்காவின் கணவர் தொப்பியைக் கழற்றி இளைஞரின் முன் தலையைக் குனிந்தார். “தம்பி, இதை ஏதாவது பண்ண முடியுமா பாருங்க.”

இளைஞர் அந்தத் தலையைச் சுற்றி ஒரு வலம் வந்தார். “அண்ணே, இது முடிவெட்டு இல்ல, முன்பகை! உள்ள வந்து உக்காருங்க.”

மறுநாள் முதல் நாற்காலிகள் நிரம்பிவிடவில்லை. ஒருவர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். செயலாளர் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, வேண்டுமென்றே வாயிலை நோக்கிய நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டார். சில குடும்பங்கள் இன்றும் வேறு கடைக்குத்தான் போகின்றன, போகட்டும். கடை நிற்கிறது, பின்னறையில் சின்னவள் எழுதப் பழகுகிறாள்.

நலவாழ்வு நிலையத்தில் சான்றுக்காக வந்த கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் அதுவரை வராத சிலர் வரத் தொடங்கினர் என்று அக்காவின் கணவர் சொன்னார். இத்தனை நாள் கழித்து வருகிறோமே என்று கூசி ஒதுங்கியிருந்தவர்கள், கூட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டு, “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களாமே” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்களாம். யார், எத்தனை பேர் என்று நான் வினவினேன். “எனக்கு எப்படி சார் தெரியும்? அவ சொன்னாத்தானே!” என்று சிரித்தார். முன்பெல்லாம் இதைக் குறையாகச் சொல்வார்; அன்று அவர் குரலில் பெருமிதம் ததும்பியது. எனக்கும் பெருமிதம்தான். வகுப்பறைகளில் நேர்மை என்ற தலைப்பில் எத்தனையோ கட்டுரைகளை எழுதச் சொல்லித் திருத்தியிருக்கிறேன். எதிர்வீட்டிலேயே அது சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பேருந்துக்கு ஓடுவதைப் பார்க்கும் பேறு வாய்த்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சென்ற வாரம் மாடிப்படியில் அவரைச் சந்தித்தபோது, இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். எழுதலாம், யார் கையைப் பற்றியும் முடிவு கட்டாமல் எழுதினால் போதும் என்றார். விடைபெறுமுன் நெடுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன்.

“அந்தப் பழக்கம் சுத்தமா விட்டுப்போச்சா அக்கா?”

“இல்ல சார். கை இன்னும் எழும்பத்தான் பார்க்குது. நான்தான் இறக்கி வச்சிடறேன்.”